புதுப்பிப்பு: சீசியம்-137 கணக்கில் விடுபட்ட அந்த 9

100 சீசியம்-137 அணுக்கள் சிதைந்தால் சுமார் 94 கிளர்வுற்ற பேரியம்-137எம் ஆகின்றன. 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா மட்டும் 85தான் வருகிறது, மீதி 9 எங்கே என்று முன்பு கேட்டிருந்தேன். அகமாற்றம் (கரு தன் ஆற்றலைக் காமாவாக விடாமல் அதே அணுவின் எலக்ட்ரான் ஒன்றுக்குக் கொடுத்து அதை வெளியே தள்ளுவது) என்று பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது அதை நேரிலேயே பார்த்தாயிற்று.

பிளாஸ்டிக்கில் அடைத்த கதிரியக்க மூலம் இதற்கு உதவாது. எலக்ட்ரான்கள் உறையிலேயே ஆற்றலை இழந்துவிடும். மெல்லிய படலத்தில் படியவைத்த மூலத்தை வெற்றிட அறையில், திரவ நைட்ரஜனால் குளிர்வித்த எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் சிலிக்கான்-லித்தியம் டிடெக்டர் முன் வைத்தோம். சீசியம் சிதைவிலேயே வரும் பீட்டா எலக்ட்ரான்களின் முக்கியக் கிளை 514 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (இனி வரும் ஆற்றல் எண்களும் இதே அலகில்) முடிந்து, வரைகோடு கிட்டத்தட்டத் தரைதட்டுகிறது. அதைத் தாண்டி 624-இல் ஊசி மாதிரி ஒரு முகடு! 661.7-இலிருந்து பேரியத்தின் கே கூட்டுப் (கருவை ஒட்டிய எலக்ட்ரான் அடுக்கு) பிணைப்பாற்றல் 37.4-ஐக் கழித்தால் அதேதான் வரும். ஒட்டினாற்போல 656-இல் அடுத்த அடுக்கான எல் கூட்டின் சின்ன முகடு.

பேரியம் கருவின் சுழல் (ஸ்பின்) 11/2-லிருந்து 3/2-க்கு இறங்க வேண்டும். அதனால் காமா உமிழ்வு தாமதமாகிறது, அரையாயுள் 2.55 நிமிடம் வரை நீள்கிறது, எலக்ட்ரானுக்கும் வழி திறக்கிறது. வெற்றிட வசதி இல்லாதவர்கள் சோடியம் அயோடைடு டிடெக்டரில் 32-இல் தெரியும் பேரியம் எக்ஸ் கதிரைப் பாருங்கள். எலக்ட்ரான் வெளியேறிய காலியிடத்தை வேறொன்று நிரப்பும்போது வருவதால், அதுவும் இதே நிகழ்வின் தடயம்தான்.

அடுத்து பிஸ்மத்-207. அதன் 482, 976 அகமாற்ற எலக்ட்ரான் முகடுகளால் ஆற்றல் அளவீட்டைச் சரிபார்த்துவிட்டு, சீசியத்தின் கே, எல் முகடுகளின் விகிதத்தை இங்கேயே போடுகிறேன்.