வாட்ஸ்அப் குழு: பெரியப்பா மணிவிழா – லிவர்மோர் கோயில்

ராஜி சித்தி: அக்கா, மீரா மணிவிழாவுக்கு வர முடியாது போலிருக்கு. பெர்க்லி காலேஜ் டென்னிஸ் டீமுக்கு வெள்ளிக்கிழமை டியூக் காலேஜோட மேட்ச், ஞாயிறு சாப்பல் ஹில் காலேஜோட. டீம் வியாழக்கிழமையே கிளம்புது

கமலா பெரியம்மா: என்ன ராஜி இது. அவர் தூக்கி வளர்த்த பொண்ணு. நட்சத்திரம் சனிக்கிழமைதானே வருது, மாத்தவா முடியும்

விஜயா அத்தை: சாப்பல் ஹில் எங்க இருக்கு

ராஜி சித்தி: வட கரோலைனா அண்ணி

விஜயா அத்தை: பெர்க்லி பொண்ணு அங்க ஏன் போய் ஆடணும்? பக்கத்துல ஸ்டான்ஃபோர்டு இருக்கே

கார்த்திக்: ஸ்டான்ஃபோர்டும் இப்ப அதே லீக்தான் அத்தை 😄

சுந்தரம் சித்தப்பா: நான் சொல்றேன். எல்லாம் டிவி காசால வந்த வினை. மேற்குப் பக்கத்துக் காலேஜ் பன்னிரண்டும் பாக்-12னு ஒரே லீக்ல இருந்துது. 2022 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ் காலேஜ் ரெண்டும், யூசிஎல்ஏவும் யூஎஸ்சியும், பிக் டென்ங்கற வேற லீக்குக்குப் போறோம்னுட்டாங்க. அங்க டிவி பங்கு ஜாஸ்தி. அடுத்த வருஷம் லீக்கே சரிஞ்சு, மொத்தம் பத்து காலேஜ் கிளம்பிடுச்சு. மிஞ்சின ஆரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் கோர்ட்டுக்குப் போய்தான் லீக் நிர்வாகத்தைக் கையில வாங்கினாங்க. பெர்க்லிக்குப் போக்கிடம் இல்ல. கிழக்குக் கரையில இருக்கற ஏசிசிங்கற லீக் சேர்த்துக்கிச்சு, ஆனா முதல் ஏழு வருஷம் டிவி பங்குல 30 சதவீதம்தான்

விஜயா அத்தை: ஓ

கார்த்திக்: யூசிஎல்ஏவை மட்டும் குத்தம் சொல்லாதீங்க சித்தப்பா. எங்க யூசிஎல்ஏ ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட் கடன்ல மூழ்கிக் கிடந்துது

சுந்தரம் சித்தப்பா: ஒத்துக்கறேன். ஆனா யூசிஎல்ஏ, பெர்க்லி ரெண்டும் ஒரே யூசி, அதான் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி, குடும்பம்டா. ஒருத்தன் போனதுல இன்னொருத்தனுக்கு நஷ்டம். அதனாலதான் 2024 மே மாசம் யூசி நிர்வாகக் குழுவான ரீஜெண்ட்ஸ் ஓட்டுப் போட்டு, யூசிஎல்ஏ வருஷத்துக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குத் தரணும், 3 வருஷம்னு முடிவு பண்ணாங்க. நியாயமான முடிவு

விஜயா அத்தை: பிரிஞ்சு போனவன் கூடப்பிறந்தவனுக்குக் கணக்குப் பாத்துக் குடுக்கறான். நம்ம வீட்ல யார் குடுத்தா

கமலா பெரியம்மா: விஜயா, திருவாரூர் வீட்டுப் பேச்சு இங்க வேண்டாம்

விஜயா அத்தை: பொதுவாத்தான் சொன்னேன் அண்ணி

சுந்தரம் சித்தப்பா: ராத்திரி போன் பண்றேன் விஜயா

ராஜி சித்தி: குருக்கள் கலசத்துக்குத் தேங்காய் எத்தனைன்னு கேக்கறார்

கார்த்திக்: சாப்பாடு இலையா பஃபேயா? கேட்டரிங்காரர் இன்னைக்கே சொல்லணும்ங்கறார்

கமலா பெரியம்மா: இலைதான்

கார்த்திக்: இலைன்னா பரிமாற நாலு பேர் வேணும் பெரியம்மா

சுந்தரம் சித்தப்பா: இதையும் கேளுங்க. ஏசிசிலயும் சண்டைதான். 2036 வரைக்கும் ஹோம் மேட்ச் டிவி உரிமையை எல்லாரும் லீக்குக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. வெளிய போகணும்னா 57.2 கோடி டாலர் ஆகும்னு ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பர்ல கேஸ் போட்டுது. லீக் முந்தின நாளே வட கரோலைனா கோர்ட்ல கேஸ் போட்டு வெச்சிருந்துது! அப்புறம் அதே லீக்ல இருக்கற க்ளெம்சன் காலேஜும் வழக்கு. 2025 மார்ச்ல சமாதானம். போறவங்க கட்ட வேண்டியது வருஷா வருஷம் குறைஞ்சு 2030-31ல 7.5 கோடிக்கு வந்துடும். யார் மேட்ச்சை ஜாஸ்தி பேர் பாக்கறாங்களோ அவங்களுக்குப் பங்கும் ஜாஸ்தி. அந்த வருஷம் வந்தா இந்த லீக்கும் கலையும், பாத்துக்கிட்டே இருங்க

ராஜி சித்தி: அதுக்குள்ள மீரா படிச்சு முடிச்சுடுவா

சுந்தரம் சித்தப்பா: காசு ஃபுட்பால்ல. கண்டம் தாண்டிப் பறக்கறது டென்னிஸ் பசங்க. எனக்கு அதுதான் ஆறல

மீரா: உண்மைதான் சித்தப்பா. போன தடவை ஷார்லட் ஏர்போர்ட்ல கேட் பக்கத்துல தரையில உக்காந்து கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட் முடிச்சேன், சார்ஜர் ஒண்ணை நாலு பேர் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு. சனிக்கிழமை பிராக்டிஸ் மட்டும்தான். கோச்கிட்ட கேக்கவா? ஆனா போயிட்டுத் திரும்பி வர முடியாது

பெரியப்பா: குழந்தை ஆடட்டும். வீடியோல பாத்துக்கலாம்

கமலா பெரியம்மா: வீடியோவுல எப்படிங்க நமஸ்காரம் பண்ணுவா

கார்த்திக்: அபிஷேகம் 7 மணிக்குன்னா அங்க 10. பிராக்டிஸ் எத்தனை மணிக்கு மீரா?

மீரா: இன்னும் ஷெட்யூல் வரல அண்ணா

கமலா பெரியம்மா: குருக்கள்கிட்ட நேரம் கேட்டுச் சொல்றேன். எதுக்கும் கோச்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வை

விஜயா அத்தை: பரிமாற நாலு பேர் யாருன்னு யாரும் சொல்லலியே