புது மாடல் செயின்சா சூடானதும் நின்றுவிடுகிறது, தயாரித்த நாடுதான் காரணமா? (பினாங்கு)

பாலிக் பூலாவ் தோட்டக்காரன்

வணக்கம். பாலிக் பூலாவில் அப்பா விட்டுப்போன டுரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடம் உழைத்த பழைய செயின்சா போன வருடக் கடைசியில் பிஸ்டன் கீறிப் போனது. அதே பிராண்டில், அதே 50 சிசி வகையில், இப்போது வரும் புதிய மாடலை வாங்கினேன். தொழில்முறை வேலைக்கானது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை. பிராண்ட் பெயர் இங்கே வேண்டாம்.

காலையில் இரண்டே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. பதினைந்து, இருபது நிமிடம் அருமையாக வெட்டும். அப்புறம் முழு வேகத்தில் இருக்கும்போதே குரல் மெலிந்து, இருமி, நின்றுவிடும். உடனே இழுத்தால் பிடிக்காது. நிழலில் வைத்து அரை மணி நேரம் கழித்து இழுத்தால் பிடிக்கும், ஆனால் ஐந்து நிமிடம்தான். போன வாரம் மரத்தில் பாதி அறுத்த கிளை தொங்கிக்கொண்டிருக்க மெஷின் நின்றுவிட்டது, கீழே என் தம்பி நின்றிருந்தான். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

வாங்கிய கடையில் கேட்டால், “இப்போ எல்லாம் சீனாவில் செய்றாங்க, பழைய தரம் வராது” என்கிறார். அது உண்மையா? அப்படியானால் எந்த நாட்டில் செய்ததைப் பார்த்து வாங்க வேண்டும்?

செந்தூல் கிளைவெட்டி

முதலில் சின்னதைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், பிளக், டேங்க் உள்ளே இருக்கும் ஃபியூயல் ஃபில்டர். பெட்ரோலில் எண்ணெய் என்ன கணக்கில் கலக்கிறீர்கள்? 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். கலந்த பெட்ரோல் எத்தனை நாள் பழசு?

பாலிக் பூலாவ் தோட்டக்காரன்

மூன்றும் மாற்றியாயிற்று அண்ணே. பெட்ரோல் அந்தந்த வாரம் கலப்பதுதான், 20 மில்லி அளந்து ஊற்றுகிறேன்.

புக்கிட் மெர்த்தாஜம் பட்டறை

தம்பி, இரண்டு கேள்வியைக் கலந்து கேட்கிறீர்கள். நாடு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்னது என்னை உறுத்துகிறது.

உங்கள் பிராண்ட் எதுவாகவும் இருக்கட்டும், எல்லோருக்கும் தெரிந்த இரண்டை வைத்துச் சொல்கிறேன். ஸ்டில் நிறுவனம் 1926இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது, தலைமையகம் பக்கத்திலேயே வைப்லிங்கனில். பெரிய தொழில்முறை ரம்பங்கள் அங்கேதான் உருவாகின்றன, கார்புரேட்டர் இல்லாமல் ஊசி மூலம் பெட்ரோல் செலுத்தும் எம்எஸ் 500ஐ மாடல் உட்பட. அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவில் வர்ஜீனியா பீச்சில் 1974 முதல் தொழிற்சாலை இருக்கிறது. பிரேசிலில் சாவ் லியோபோல்டோ, சீனாவில் சிங்தாவ், சங்கிலி மட்டும் சுவிட்சர்லாந்தில் வில் என்ற ஊரில். ஹஸ்க்வர்னாவின் தொழில்முறை ரம்பங்கள் சுவீடனில் ஹஸ்க்வர்னா ஊரிலேயே, 1689இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய அதே ஊர். ஆக “எல்லாம் சீனாவில்” என்ற பேச்சு தப்பு. மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இன்னொன்று. கார்புரேட்டர் செய்யும் ஸாமா நிறுவனம் ஸ்டில் குழுமத்துக்குச் சொந்தமானது, அதற்குச் சீனாவில் ஆலை இருக்கிறது. மெஷின் மேல் உள்ள தகட்டில் ஜெர்மனி என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஜெர்மனியில் பிறந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. முப்பது வருடமாக இதைப் பிரித்துப் பூட்டுகிறேன், நாட்டைப் பார்த்து மெஷின் கெட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

புது மாடலில் மாறியது வேறு. ஸ்டில்லின் பழைய எம்எஸ் 260 மாடல் 50.2 சிசி, சக்தி 2.6 கிலோவாட். அதன் இடத்துக்கு வந்த 261 சி-எம் அதே 50.2 சிசி, 3.0 கிலோவாட். ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி முதல் பதிப்பு 2.8 கிலோவாட், இரண்டாம் பதிப்பான மார்க் 2 வந்ததும் 3.0, எடை மட்டும் 4.9 கிலோவிலிருந்து 5.3 ஆனது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் எரியாத பெட்ரோல் வெளியே போகாதபடி, கலவைக்கு முன்னால் சுத்தமான காற்றை விட்டுப் புகையைத் தள்ளுகிறார்கள். ஸ்குரூ டிரைவரால் திருகிச் சரிசெய்த கார்புரேட்டர் ஊசிகள் போய், ஒரு சிறு கணினி வந்துவிட்டது. ஸ்டில்லில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோட்யூன். அது உங்கள் உயரம், வெப்பம், பெட்ரோல், ஃபில்டர் அழுக்கு எல்லாவற்றுக்கும் ஏற்பக் கலவையை மாற்றிக்கொண்டே இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் வேறு எங்கோ ஒரு கோளாறு இருந்தால் அதையும் கொஞ்ச நாள் மூடி மறைத்து ஓட்டும், தாங்க முடியாதபோது நிற்கும்.

உங்கள் அறிகுறிக்கு வருகிறேன். மெஷின் நின்றதும் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்காதீர்கள். பத்து நிமிடம் ஆற விடுங்கள், சிகரெட்டோ நெருப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பெட்ரோல் மூடியை மெதுவாக, கொஞ்சமாகத் திறங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் பெட்ரோல் பீறிடும், அதனால் அவசரம் வேண்டாம். “உஸ்” என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் சொல்லுங்கள்.

கெப்போங் அக்கா

நடுவில் ஒரு வார்த்தை. நாங்கள் கோலாலம்பூரில் மரம் வெட்டும் ஒப்பந்த வேலை செய்கிறோம். 2024 மே மாதம் சுல்தான் இஸ்மாயில் சாலையில் மரம் விழுந்து ஒருவர் இறந்தாரே, அதற்குப் பிறகு எங்களைத் தேடி வருபவர்கள் கூடிவிட்டார்கள். கூடவே இணையத்தில் ஸ்டில் போலவே ஆரஞ்சு வெள்ளை நிறத்தில் போலி ரம்பங்களும் பெருகிவிட்டன. தகடு, புத்தகம், பெட்டி எல்லாம் அச்சு அசல். எந்த நாடு என்று கேட்பதற்கு முன் அது அந்த நிறுவனத்தின் மெஷின்தானா என்று பாருங்கள் தம்பி. வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கடையில் காட்டினால் சொல்லிவிடுவார்கள். போலியில் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பாலிக் பூலாவ் தோட்டக்காரன்

அக்கா, எண்ணைக் காட்டினேன். அசல்தான். தகட்டையும் டார்ச் அடித்துப் படித்தேன், கடைக்காரர் சொன்ன நாடு அதில் இல்லை.

பட்டறை அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பதினெட்டாவது நிமிடம் நின்றது. மூடியைத் திறந்ததும் நீளமாக “உஸ்ஸ்”, காற்று உள்ளே போனதை விரல் உணர்ந்தது. மூடிவிட்டு இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் பிடித்தது!

புக்கிட் மெர்த்தாஜம் பட்டறை

அப்படியானால் டேங்க்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விட மறுக்கும். அரை மணி நேரம் வைத்தால் கொஞ்சம் கசிந்து உள்ளே போகும், அதுதான் ஐந்து நிமிட ஓட்டம். டுரியான் மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் பசை மாதிரி ஆகிவிடும். நீங்கள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறீர்களா?

பாலிக் பூலாவ் தோட்டக்காரன்

ஆமாம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

புக்கிட் மெர்த்தாஜம் பட்டறை

இனி வேண்டாம், பிரஷும் துணியும் போதும். மூச்சுக்குழாயை ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் வால்வு கிழியும். புதிதாகவே போடுங்கள், சின்ன பாகம், விலையும் குறைவு. ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் கணினி இத்தனை நாள் பெட்ரோல் வராத நிலைக்குப் பழகியிருக்கிறது. மாற்றியதும் கொஞ்சம் புகையும், மந்தமாக ஓடும். கையேட்டில் உள்ள சீரமைப்பு முறையைச் செய்துவிட்டு, தரையில் கிடக்கும் பருமனான கட்டையில் முழு வேகத்தில் நாலைந்து வெட்டு வெட்டுங்கள். அதுவரை மரத்தில் ஏற வேண்டாம்.

பாலிக் பூலாவ் தோட்டக்காரன்

மாற்றிவிட்டேன் அண்ணே. பழையதைக் கழற்றிப் பார்த்தால் வாயில் பழுப்பு நிறத்தில் மெழுகு போல ஒரு அடைப்பு, அரிசி அளவுதான். முதல் இரண்டு வெட்டில் நீங்கள் சொன்னபடியே புகைந்தது, நாலாவதில் குரல் தெளிந்துவிட்டது. இன்று காலையிலிருந்து இரண்டு டேங்க் தீர்த்தேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கிளையைத் தம்பியை நன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டு இறக்கினேன்.