அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தது: டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு ஸ்கேன் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குலசேகரம் மகள்

அப்பாவுக்கு 74 வயது. நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். போன ஆனி மாதம் சந்தைக்குப் போனவர், வீட்டுக்கு வரும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பேச்சிப்பாறை பஸ்ஸில் ஏறி அணை வரை போய்விட்டார். கண்டக்டர் விசாரித்து, தெரிந்த ஆட்டோக்காரரிடம் ஒப்படைத்ததால் இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே ஒரே கேள்வியை நான்கு முறை கேட்பார். கருப்பட்டிக் காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "இன்னும் காப்பி தரவில்லையே மக்களே" என்பார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

நரம்பியல் மருத்துவர் எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்கு எழுதவில்லை. இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று பொருட்களின் பெயர் சொல்கிறேன், பிறகு கேட்பேன் என்று 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைத்தார். அப்பா 19 வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்றார். ரத்தத்தில் தைராய்டும் பி12 சத்தும் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகே எம்.ஆர்.ஐ.

ரிப்போர்ட்டில் 'எம்.டி.ஏ. 3' என்று இருந்தது. அளவு 0 முதல் 4 வரை என்று யாரோ சொல்ல, நான்கில் மூன்று பங்கு மூளை போய்விட்டது என்று புரிந்துகொண்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த இரவு எங்களுக்கு வந்திருக்காது. இதை இங்கே எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான்.

மறுவாரம் மருத்துவர் படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். காதுக்கு நேர் உள்ளே இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒன்று இருக்கிறது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். காலையில் நடந்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்கும் வேலை அதனுடையது. அது சுருங்கச் சுருங்க, பக்கத்தில் நீர் நிற்கும் இடைவெளி அகன்றுகொண்டே போகும். அந்த அகலத்தையும் ஹிப்போகாம்பஸின் உயரத்தையும் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்தான் எம்.டி.ஏ. 75 வயதுக்குக் கீழே 2 வந்தாலே இயல்பு இல்லை. 75 தாண்டியவருக்கு 2 என்றால் வயதின் தேய்மானமாகவும் இருக்கலாம். அப்பாவின் 3, அவருடைய மறதியோடு சேர்த்துப் பார்த்தால், டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரை நோக்கிக் கை காட்டுகிறது. ஆனால் அவருடைய அன்றாட வாழ்க்கை எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. நினைவு, நாளும் இடமும் அறிதல், முடிவெடுத்தல், வெளிவேலை, வீட்டுவேலை, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல் ஆகிய ஆறையும் என்னிடம் தனியாகவும் அப்பாவிடம் தனியாகவும் கேட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் சி.டி.ஆர். என்ற அளவில் 1 போட்டார். அதில் 0 என்றால் நோய் இல்லை, 0.5 ஐயத்துக்குரியது, 1 லேசானது, 2 நடுத்தரம், 3 கடுமை. எம்.டி.ஏ.வில் 3 வாங்கிய அப்பாவுக்கு இதில் 1.

எனக்கு அது தோட்டத்தில்தான் விளங்கியது. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவரோடு போனேன். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கத்தியை இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்ந்தார். கை எங்கேயும் தயங்கவில்லை. சுருண்டு விழுந்த பட்டைச் சீவலை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த வெங்காயத் தோல் போல மெலிதாக இருந்தது. உள்மரத்தில் ஒரு கீறல் கிடையாது. பால் கோடு பிடித்து இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. இருபது வயதுப் பையன்களுக்கு வராத வெட்டு அது.

ஆனால் அவை முந்தின நாள் வெட்டிய மரங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்ட வேண்டிய மரங்களை அவர் தினமும் வெட்டிக்கொண்டிருந்தார். தெற்குப் பாதி மரங்களைப் பல நாட்களாகத் தொடவே இல்லை. அங்கே சிரட்டையில் பழைய ஒட்டுப்பால் காய்ந்து கிடந்தது. பழகிய கைவேலை மூளையில் வேறு பகுதிகளில் தங்கியிருக்கிறது, அங்கே நோய் தாமதமாகத்தான் போகும் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

இப்போது வடக்குப் பாதி மரங்களில் சிவப்புத் துணி, தெற்குப் பாதியில் நீலத் துணி கட்டியிருக்கிறோம். மறுநாளுக்கு உரிய நிறத்தில் ஒரு கீற்றைத் தினமும் இரவில் கத்திப் பிடியில் சுற்றி வைக்கிறேன். மூன்று மாதமாக வரிசை தவறவில்லை.

குளச்சல் மகன்

எங்கள் கதை வேறு. அப்பா வள்ளத்தில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டது. காயம் ஆறிவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டோம். ஒன்றரை மாதம் கழித்துப் பேச்சு குழறியது, வலைக்குப் போகும் நேரம் தெரியவில்லை, பகலெல்லாம் தூக்கம். மறதி நோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று உறவினர் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். அம்மாதான் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

சாதாரண சி.டி. ஸ்கேன்தான். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம் பிறை வடிவில் தேங்கி மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மண்டையில் துளை போட்டு அதை வடித்தார்கள். மூன்றாம் நாள் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்று கடலுக்குப் போகவில்லை, ஆனால் வலைக் கண்ணியை அவரேதான் முடிகிறார்.

தீவிரத்தை அளப்பது பிறகு. மாற்றக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவாவது ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் விழுந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

நாகர்கோவில் ஸ்கேன் டெக்னீஷியன்

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மறதி உள்ளவர்களை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்து வருபவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. மெஷின் பெரும் சத்தம் போடும். எதற்காகப் படுத்திருக்கிறோம் என்பதே அவர்களுக்கு நடுவில் மறந்துவிடும், எழப் பார்ப்பார்கள். தலை அசைந்தால் படம் கலங்கும், கலங்கிய படத்தில் ஹிப்போகாம்பஸை அளந்து பயன் இல்லை. வீட்டார் ஒருவர் உள்ளே நின்று காலைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். நகை, இரும்புச் சாமான் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கைத் தொலைத்துவிடாதீர்கள். ஹிப்போகாம்பஸ் எல்லா முதியவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும்; அல்சைமர் உள்ளவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் வரை. தேவைப்பட்டு மறுபடி எடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே படத்தில் தெரியாத வேகம் தெரியும்.

பெட் ஸ்கேன் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, மூளையில் எந்தப் பகுதி குறைவாகச் சாப்பிடுகிறது என்று பார்ப்பதே அந்த ஸ்கேன். அந்தக் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். அதனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டும், சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முளகுமூடு ஆசிரியை

என் பெரியம்மா கன்னியாஸ்திரீ, 86 வயது. தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் மூளை நன்றாகவே சுருங்கியிருக்கிறது என்றார்கள். அவரோ மடத்தின் கணக்கு நோட்டை இன்றும் பிழையில்லாமல் எழுதுகிறார். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்கள் இறந்த பிறகு மூளையைச் சோதித்திருக்கிறார்கள். அல்சைமரின் அடையாளங்கள் ஏராளமாக இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். படிப்பும் மனதுக்கு ஓயாத வேலையும் மூளைக்கு ஒரு சேமிப்பாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

தோவாளை மருமகள்

மாமியார் பூச்சந்தையில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர். ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள் நிறைய, அதற்கும் ஒரு 3 போட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்தால் சிறு குழாய்கள் அடைபட்டது என்றார் மருத்துவர். பழசு, புதுசு எல்லாம் அத்தைக்கு நினைவிருக்கிறது. எல்லாம் மெதுவாகிவிட்டது, கூட்டல் கழித்தல் வரவில்லை, காலைத் தேய்த்து நடக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்து நோய் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நாத்தனார் சொல்கிறார். கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமா?

குலசேகரம் மகள்

அக்கா, உங்கள் தாளில் உள்ள 3 வேறு அளவாகத்தான் இருக்கும். வெள்ளைத் திட்டுகளுக்கு ஃபசேக்காஸ் என்று ஓர் அளவு உண்டு, அது 0 முதல் 3 வரை. அதற்கும் எம்.டி.ஏ.வுக்கும் சம்பந்தம் இல்லை. மருத்துவரிடம் எந்த அளவு என்று கேட்டு ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் எங்கள் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேட்டோம். திடீரென்று நிலை மோசமானாலோ, விழுந்து அடிபட்டாலோ, கை கால் வராமல் போனாலோ உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒன்று எடுப்பதால் மாத்திரை மாறப்போவதில்லை என்றார். அத்தையின் மருத்துவரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கடன் வாங்காதீர்கள். அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது பெரிய வேலை.

ஸ்கேனுக்குப் பதில் எங்கள் மருத்துவர் என்னிடம் கேட்டது அப்பாவைப் பற்றி ஒரு நோட்டு. வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன். தானே குளித்தாரா, சில்லறை சரியாக வாங்கினாரா, இரவில் எழுந்து நடந்தாரா, யாரை அடையாளம் தெரியவில்லை. போன முறை உள்ளே நுழைந்ததும் முதலில் நோட்டைத்தான் கேட்டார். சித்திரையில் இரண்டு தடவை சட்டையைத் திருப்பிப் போட்டார் என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, சட்டை போடும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் நீங்கள் போட்டுவிடாதீர்கள் என்றார். இப்போது சட்டையின் உள்பக்கம் கழுத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை நுழைக்கிறார்.