யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல மூடின போர்ட் வெளிய இருந்து திறந்தே கெடக்குது

கேள்வி:
விபிஎஸ்ல (வாடகை சர்வர்) உபுண்டு 22.04, யுஎஃப்டபிள்யூ ஆன்ல இருக்கு, 22, 80, 443 போர்ட் மட்டும்தான் அலோ. நேத்து சும்மா மொபைல் டேட்டால இருந்து என்மேப் (போர்ட் ஸ்கேனர்) ஓட்டி பாத்தா 6380 ஓப்பன்னு காட்டுது!! அதுல ரெடிஸ் (டேட்டாபேஸ்) ஓடுது, பாஸ்வேர்டு கூட போடல (திட்டாதீங்க). 6380-க்கு தனியா டினை ரூல் போட்டு ரீலோட் பண்ணி ரீபூட்டும் பண்ணிட்டேன், அசையவே மாட்டேங்குது.

பதில் 1:
ஸ்டேட்டஸ் வெர்போஸ் பாருங்க ப்ரோ, டினைக்கு மேல வேற ஏதாச்சும் அலோ ரூல் இருக்கும், மேல இருக்குறதுதான் முதல்ல பிடிக்கும்.

கேட்டவர்:
பாத்துட்டேன், அப்படி எதுவும் இல்ல. ரெடிஸ் டாக்கர்ல (ப்ரோக்ராம தனி கன்டெய்னருக்குள்ள ஓட்டுற டூல்) ஓடுது, அதனால ஏதாவதா?

பதில் 2:
இத முதல்லயே சொல்லக்கூடாதா 😀 அதேதான். டாக்கர் போர்ட்ட பப்ளிஷ் பண்றப்ப நேட் டேபிள்ல (அட்ரஸ் மாத்துற ரூல் பட்டியல்) தானா ஒரு ரூல் எழுதிக்கும், பாக்கெட் உள்ள வந்த உடனே ப்ரீரவுட்டிங்லயே அட்ரஸ் மாறி கன்டெய்னர் ஐபிக்கு திரும்பிடும், அப்புறம் ஃபார்வர்டு செயின் (வேற இடத்துக்கு அனுப்புற பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) வழியாதான் போகும், உங்க டினை பாவம் இன்புட் செயின்ல (சர்வருக்கே வர்ற பாக்கெட்டுக்கானது) உக்காந்துகிட்டு இருக்கு. கம்போஸ் ஃபைல்ல (டாக்கர் செட்டிங் ஃபைல்) போர்ட் வரிய 127.0.0.1:6380:6379-ன்னு மாத்துங்க, 6380 வெளிப் போர்ட், 6379 கன்டெய்னர் உள்ள இருக்குறது, இப்படி போட்டா சர்வருக்குள்ள இருந்து மட்டும்தான் வர முடியும். வெறும் ரீஸ்டார்ட் பத்தாது, கன்டெய்னர புதுசா உருவாக்கணும்.

கேட்டவர்:
ஆஃபீஸ் ஐபில இருந்து மட்டும் வரணுமே. நெட்ல பாத்து டாக்கர்-யூசர் செயின்ல (டாக்கர் நம்ம ரூலுக்குன்னு விட்டு வைக்கிறது) ட்ராப் ரூல் போட்டேன், அப்பவும் ஓப்பன்தான்.

பதில் 2:
காப்பி பண்ண ரூல்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பேரு ஈத்0-ன்னு இருக்குமே? ஐபி ரவுட் அடிச்சு டீஃபால்ட் லைன்ல என்ன பேர்னு பாருங்க, நெறைய விபிஎஸ்ல ஈஎன்எஸ்3-ன்னு வரும். இல்லாத இன்டர்ஃபேஸ் பேர குடுத்தாலும் ஐபிடேபிள்ஸ் (இந்த ரூல்லாம் போடுற லினக்ஸ் டூல்) ஒரு எரரும் சொல்லாம வாங்கி வச்சிக்கும், நான் இதுல ஒரு நைட்டே முழிச்சிருக்கேன். இன்னொண்ணு, அந்த செயினுக்கு வர்றதுக்குள்ள போர்ட்டும் மாறியிருக்கும், அதனால அங்க 6380 இல்ல, 6379-ன்னு போடணும்.

கேட்டவர்:
ரெண்டுமே தப்பாத்தான் போட்டிருந்தேன் 🤦 இப்ப மூடிடுச்சு, ரூல்ல மாட்டுற பாக்கெட் கவுன்டரும் ஏறுது. ஆனா ரெடிஸ் உள்ள பேக்கப்1, பேக்கப்2-ன்னு நான் போடாத நாலு கீ (டேட்டாவோட பேரு) இருக்கே, அது என்ன?

பதில் 2:
அதுக்குள்ள கர்ல்ங்கிற டவுன்லோட் கமாண்டோட கிரான் வரி (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுறது) இருக்கும் பாருங்க, கிரிப்டோ மைனர் ஏத்த வந்த பாட் போட்டது. கன்டெய்னர், வால்யூம் (டேட்டா சேவ் ஆகுற இடம்) ரெண்டையும் தூக்கிட்டு புதுசா போடுங்க, ஹோஸ்ட்ல கிரான்டேபையும் எஸ்எஸ்ஹெச் கீயையும் ஒரு தடவ பாத்துடுங்க. பாஸ்வேர்டு போட மறக்காதீங்க சாமி.