வீட்டு கம்ப்யூட்டர்ல சத்தம் வரலை, போர்டை மாத்தணுமா?

தேவனாம்பட்டினத்தான்:
வணக்கம். டெஸ்க்டாப், விண்டோஸ் 10. ரெண்டு மாசம் வீட்டைப் பூட்டிட்டு விருத்தாசலத்துல தங்கச்சி வீட்டுல இருந்தோம். திரும்பி வந்து போட்டா படம் ஓடுது, சத்தம் மட்டும் இல்லை. வால்யூம் 100ல இருக்கு. கடையில கேட்டேன், "மதர்போர்டு போச்சு, மாத்திடுங்க"ங்கிறார். மாத்திடலாமா?

நெல்லித்தோப்பு:
கண்ணால பார்க்காமலே போர்டா! பர்ஸை உள்ள வைங்க சார். ஸ்பீக்கர் பின்னைப் பிடுங்கி போன்ல சொருகிப் பாருங்க. பாடுச்சுன்னா ஸ்பீக்கர் மேல பழி இல்லை. அப்புறம் பின்னாடி பச்சை ஓட்டையிலதான் சொருகியிருக்கான்னு பாருங்க. பிங்க் மைக்குக்கு. எங்க வீட்டுல பெருக்கும்போதெல்லாம் இது இடம் மாறும்.
மானிட்டருக்கு எச்டிஎம்ஐ ஒயர்னா, சத்தம் மானிட்டருக்குப் போயிடலாம். அதுல ஸ்பீக்கர் இல்லைன்னா ஊமைப்படம்தான். கீழ் மூலையில ஸ்பீக்கர் படத்தைத் தட்டினா ஒரு பேர் வரும், என்னன்னு எழுதுங்க.

தேவனாம்பட்டினத்தான்:
போன்ல பாடுது. பச்சையிலதான் இருக்கு. மானிட்டர் பழசு, விஜிஏ ஒயர், அதுல படம் மட்டும்தான் போகும். பேர் 'ஹெட்போன்ஸ்'னு வருது. ஆனா ஹெட்போனே எங்ககிட்ட இல்லையே! சத்தத்துக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போட்டும் அதேதான்.

முதுநகர் பெரிசு:
தம்பி, அந்தப் பேர்லயே விடை இருக்கு. கேபினட் முன்பக்க ஹெட்போன் ஓட்டைக்குள்ள சின்னத் தகடு ஒண்ணு சுவிட்ச் மாதிரி இருக்கும். பின் உள்ள போனா அது சொல்லித்தான் பின்னாடி ஸ்பீக்கர் அடங்கும். உப்புக்காத்துல அது துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டா, யாரோ ஹெட்போன் மாட்டியிருக்காங்கன்னே போர்டு நினைச்சுக்கும். இங்க துறைமுகத்துப் பக்கம் கேட் கீலே தாங்க மாட்டேங்குது, இது எம்மாத்திரம்.
கரண்ட் பிளக்கைப் பிடுங்கிட்டு பக்கக் கதவைத் திறங்க. முன்பக்கத்துலேருந்து வர்ற ஆடியோ ஒயர் போர்டு ஓரத்துல மாட்டியிருக்கும், 'எஃப் ஆடியோ' மாதிரி எழுதியிருக்கும். அதை மட்டும் கழட்டுங்க. யுஎஸ்பி ஒயரும் பார்க்க அதே மாதிரிதான், ஏமாந்துடாதீங்க. போர்டுல நிக்கிற ஊசி மாதிரி பின்கள்ல, யுஎஸ்பிக்கு மூலையில ஒண்ணு இருக்காது, ஆடியோவுக்கு மூலைக்கு அடுத்தது இருக்காது.

தேவனாம்பட்டினத்தான்:
கழட்டிட்டேண்ணே, பாடுது! வால்யூம் 100லயே கிடந்துச்சு, பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துட்டாங்க. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா, செம்புப் பாத்திரத்துல பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கவா?

முதுநகர் பெரிசு:
எண்ணெயா? ஐயய்யோ, தூசியெல்லாம் அதுல வந்து ஒட்டிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பல்குத்துற குச்சியில பஞ்சை இறுக்கிச் சுத்தி, லேசா நனைச்சு உள்ள விட்டுத் திருப்புங்க. பஞ்சுல பச்சை ஒட்டாம சுத்தமா வர்ற வரைக்கும் பஞ்சை மாத்தி மாத்தித் துடைக்கணும். நல்லா காய்ஞ்சப்புறம் ஒயரை மாட்டிப் பாருங்க. மறுபடியும் 'ஹெட்போன்ஸ்'னா ஒயரைக் கழட்டியே விட்டுடுங்க, ஹெட்போன்தான் உங்ககிட்ட இல்லையே.