சான் பவுதேலியோ சுவரோவியங்கள் அமெரிக்கா போனது எப்படி?

கேள்வி (வேனில்):
ஸ்பெயினில் சோரியா மாகாணத்தில் உள்ள சான் பவுதேலியோ தேவாலயத்தின் படங்களைப் பார்த்தேன். நடுத்தூண் பனைமரம் போல் விரிந்து நிற்கிறது. சுவர்களில் மட்டும் ஓவியங்களின் மங்கிய சாயல்தான். அசல் அமெரிக்காவில் இருக்கிறதாம். 1917-லேயே தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் இது. அப்புறம் எப்படி வெளியே போனது? திருட்டா?

பதில் (கல்தூண்):
திருட்டு இல்லை, விற்பனைதான். தேவாலயம் ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து. 1922-ல் லியோனே லெவி என்ற கலைப்பொருள் வியாபாரிக்காக ஓர் ஆள் வந்து விலை பேசி முடித்தார். அரசு தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1925-ல் தீர்ப்பு விற்றவர்கள் பக்கம் வந்தது. அடுத்த வருடம் ஓவியங்கள் போய்விட்டன.

சுவரில் பசை தடவித் துணியை ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகியதும் துணியை உரித்தால் வண்ணப் படலமும் கூடவே வந்துவிடும். சுவருக்குள் ஊறிய நிறம் மட்டும் தங்கும். நீங்கள் பார்த்த சாயல் அதுதான்.

ஊர்க்காரர்களைத் திட்டுபவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னம் என்று அறிவித்த அரசு அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாமே! ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் அதைத்தான் செய்தார்கள். மூர் தேவாலய ஓவியம் பாஸ்டனுக்குப் போகிறது என்று தெரிந்ததும், பார்சலோனா அருங்காட்சியக வாரியம் மற்ற மலைத் தேவாலயங்களின் ஓவியங்களை முந்திக்கொண்டு வாங்கியது. பெயர்த்தெடுக்க அமர்த்தியதும் மூர் ஓவியத்தைப் பெயர்த்த அதே இத்தாலிய ஆட்களைத்தான்.

பதில் (மணற்கடிகை):
ஓவியமாவது பரவாயில்லை. சாக்ரமேனியா மடத்தின் முற்றத்தையே 1925-ல் பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்ட் வாங்கிக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோனார். பெட்டிகளில் வைத்திருந்த வைக்கோலால் கால்நடை நோய் பரவும் என்று பயந்து, அமெரிக்காவில் அந்த வைக்கோலை எரித்தார்கள். கற்களை மாற்றி மாற்றி அடைத்ததில் எது எங்கே என்றே தெரியாமல் போனது!

வேனில்:
சான் பவுதேலியோவுக்கு எதுவுமே திரும்பவில்லையா?

கல்தூண்:
தேவாலயத்துக்கு இல்லை, மாட்ரிட்டுக்கு. ஆறு துண்டுகள் 1957 முதல் அங்குள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யானை, கரடி, முயல் வேட்டை எல்லாம் அதில் சேர்த்தி. பதிலுக்கு ஃபுவெந்திதுவேன்யா ஊரின் சான் மார்த்தின் தேவாலயத்தில் பீடம் இருக்கும் அரைவட்டப் பகுதி முழுவதையும் ஸ்பெயின் நியூயார்க்குக்கு அனுப்பியது. ஏறக்குறைய 3,300 கற்கள்! காகிதத்தில் இரண்டுமே கடன்தானாம். என்னைக் கேட்டால், விற்றதை மீட்க இன்னொன்றைத் தூக்கிக் கொடுத்த பேரம். ஒட்டக ஓவியம் இன்னும் நியூயார்க்கில்தான். மற்றவை பாஸ்டன், இந்தியானாபொலிஸ், சின்சினாட்டியில்.