சசூன் டாக்கில் ஓட்டுக் கணவாய்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மும்பை வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். நான் தூத்துக்குடிப் பெண். வெர்சோவாவில் தங்கி மீன்வளம் முதுகலை படிக்கிறேன். ஐஸில் வைத்த கணவாயின் தரம் எப்படிக் குறைகிறது என்பதுதான் என் ஆய்வு.

இங்குள்ள மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் விடியற்காலை ஏலத்துக்கு வரும் ஓட்டுக் கணவாய் (cuttlefish) வேண்டும். ஊசிக் கணவாய் (squid) வேண்டாம். எப்போது பிடித்தது, எப்போது ஐஸ் போட்டது என்று சரியாகச் சொல்லக்கூடிய விசைப்படகுக்காரர் யாரையாவது தெரியுமா? இந்த இரண்டு விவரமும் இல்லாமல் சோதனை செய்து பிரயோஜனமே இல்லை. கணவாய் செத்ததும் சதையிலுள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். தோலின் வரிகள் மங்கும், நிறமி ஐஸ் தண்ணீரோடு கசிந்து வெள்ளைச் சதையில் இளஞ்சிவப்பாக ஏறும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வருவதற்குள் தரம் எப்போதோ இறங்கியிருக்கும்.

இன்னொன்று. வலையிலோ கயிற்றிலோ திராட்சைக் கொத்துபோல கணவாய் முட்டை ஒட்டி வந்தால், தயவுசெய்து கரையில் எறிய வேண்டாம், கடல்நீர் வாளியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் அது பெரிய இனமான செப்பியா ஃபாரவோனிஸாக இருக்கலாம். சின்னக் கணவாயான செப்பியெல்லாவின் முட்டை மை கலந்து கறுப்பாக இருக்கும். இரண்டுமே எனக்கு வேண்டும்.

ஜூன் 1-ல் இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், அதற்குள் மாதிரி எடுத்தாக வேண்டும். மராத்தி எனக்குச் சரளமாக வராது. மும்பை மீனவர் சமூகமான கோலி அக்காமாரிடம் பேசிக் கேட்க யாராவது கூட வந்தால் பேருதவி. கணவாய்க்கு ஏல விலையே கொடுத்துவிடுகிறேன். இன்பாக்ஸில் எழுதுங்கள் அண்ணா, அக்கா.